ஓக்-புன் எந்தப் பக்கம்

எங்கள் முல்கோல் கிராமத்து மா ஓக்-புன் இறந்துபோன விவரம் எனக்கு நன்றாகத் தெரியும். ஊர்ப் பதிவேட்டில் அதை எழுதியவனே நான்தான். எழுதும்போது அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து, தன் பெயரைச் சரியாக எழுதுகிறேனா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல்னு போடுங்கண்ணே," என்றாள். "வயித்துப்போக்குன்னு போட்டுடாதீங்க. நாளைக்கு நாலு பேரு படிப்பாங்க."

விஷக்காய்ச்சல் என்று போட்டேன். கௌரவமான சாவு. அதில் இன்னொரு வசதி, எந்த ராணுவமும் கிட்டே வராது.

அப்போது போர் மூன்றாவது வருடத்தில் இருந்தது. அது எதற்காக நடக்கிறது என்பதை இரண்டு தரப்பும் எங்களுக்கு விளக்கிச் சொல்லியிருந்தன. வடக்கிலிருந்து வந்தவர்கள், உழுபவனுக்கே நிலம் சொந்தம் என்று சொல்லி நெல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். தெற்கிலிருந்து வந்தவர்கள், அவனவன் சொத்து அவனவனுக்கே சொந்தம் என்று சொல்லி நெல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். கொள்கை வேறுபாடு அவ்வளவு ஆழமானது. ஊர் ஐந்து முறை கைமாறியது. நான் ஊர்க் குமாஸ்தா. அலுவலகப் பெயர்ப்பலகையின் ஒரு பக்கம் மக்கள் குழு என்றும், மறுபக்கம் ஊராட்சி என்றும் எழுதி வைத்துக்கொண்டேன். காலையில் குண்டுச் சத்தம் எந்தத் திசையில் கேட்கிறது என்று பார்த்துவிட்டுப் பலகையைத் திருப்பி மாட்டுவேன். யார் வந்தாலும் முதல் வேலையாக என் பதிவேட்டைப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் தங்கள் முத்திரையைக் குத்திவிட்டுப் போவார்கள்.

ஓக்-புன்னின் புருஷன் பியோன் தால்-சூ. தும்மல் வந்தால்கூட சுற்றிப் பார்த்து, யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்று தெரிந்த பிறகு தும்முகிற மனிதன். கடைசி அறுவடையில் அவனிடம் மிஞ்சியது இரண்டு சாடி விதைநெல். சாம்பல் கலந்து, வாயைத் துணியால் கட்டி மெழுகி வைத்திருந்தான். அது போனால் அடுத்த நடவு இல்லை, நடவு இல்லையென்றால் சோறு இல்லை. எங்கே ஒளிப்பது என்பதுதான் கேள்வி. அடுப்புப் புகை ஓடும் தரைக்கு அடியில் வைக்கலாமென்றால் அங்கேதான் முதலில் தட்டிப் பார்ப்பார்கள். கிம்ச்சி ஊறுகாய்ச் சாடியைப் புதைக்கும் குழியும் உதவாது.

"ரெண்டு பக்கமும் நம்மாளுங்கதானே," என்றான் தால்-சூ. "கிம்ச்சிக் குழி எங்க இருக்கும்னு அவனுகளுக்கு நாம சொல்லிக்குடுக்கணுமா?"

நம்மாட்கள் எவனும் கை வைக்காத இடம் ஒன்றுதான் உண்டு, சமாதி மேடு. வீட்டைச் சுட்டுவிட்டுப் போகிறவன்கூட அடுத்தவன் சமாதியைச் சுற்றித்தான் போவான். ஆனால் புது மேடு எழும்ப வேண்டுமானால் புதிதாக யாராவது சாக வேண்டும். தால்-சூவின் அப்பா, அம்மா இருவரும் ஏற்கெனவே நல்ல இடமாகப் பார்த்துப் படுத்துவிட்டார்கள். அவன் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"என்னை எதுக்குய்யா பாக்குற? நீ சாவறது."

"நான் செத்தா நீ அழமாட்டேன்னு ஊருக்கே தெரியுமே. யாரு நம்புவா?"

இப்படியாக ஓக்-புன் காலமானாள். வீட்டுக்குப் பின்னால் சரிவில், தெற்குப் பார்த்த வாட்டமான இடத்தில், இரண்டு சாடிகளும் தலைமாட்டில் ஒன்று கால்மாட்டில் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டன. தரை உறைந்து கிடந்ததால் ஆழமாகத் தோண்ட முடியவில்லை. மேலே அழகாக உருண்டையாக மண்ணைக் குவித்தார்கள். மண்ணைத் தட்டிச் சமன் செய்தவள் ஓக்-புன்தான், புருஷனுக்கு அந்த வேலை திருத்தமாக வராது. அதற்குப் பிறகு அவள் தால்-சூவின் ஒன்றுவிட்ட தங்கையாகி, அதே வீட்டில் அதே அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் நாற்பது வீடு, நாற்பதுக்கும் விஷயம் தெரியும். இரண்டு ராணுவங்களுக்கு மட்டும் தெரியாது.

அந்த வசந்தத்தில் குண்டுகளுக்கு நடுவே யாரும் நடவு செய்யவில்லை, சாடிகள் மண்ணுக்குள்ளேயே இருந்தன. கோடையில் சண்டை நின்றது. பெரியவர்கள் எங்கேயோ உட்கார்ந்து வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்கள். பிறகு அந்தக் கோட்டைத் தரையில் காட்ட ஆட்கள் மஞ்சள் பலகைகளோடு வந்தார்கள். மலைமேலிருந்து இறங்கி, ஓடையைத் தாண்டி வந்த கோடு, ஓக்-புன்னின் சமாதி மேட்டுக்கு நட்டநடுவே ஏறி இறங்கியது. தலை வடக்கில், கால் தெற்கில். இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு காவலர்கள் நின்றார்கள்.

தால்-சூ என்னிடம் ஓடி வந்தான்.

"அண்ணே, வசந்தத்துக்கு முன்னாடி சாடிய எடுத்தாகணும். என்ன பண்றது?"

அதற்கு ஒரு வழி இருந்தது. அறுவடைப் பௌர்ணமிக்கு முன்னால் சமாதியில் முளைத்த புல்லை வெட்டாத குடும்பம் எங்கள் நாட்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. வடக்கோ தெற்கோ, அரிவாளோடு சமாதிக்குப் போகிறவனை யாரும் தடுக்க மாட்டார்கள். கூடையோடு போக வேண்டும், புல்லோடு சாடிகளையும் போட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும். நானே மனு எழுதினேன். 'காலஞ்சென்ற என் மனைவியின் சமாதியில் புல் வெட்டி வர அனுமதிக்குமாறு' என்று இரண்டே வரி.

வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே சின்ன மனு அதுதான். அதைப் பரிசீலிக்க ஒரு துணைக்குழு அமைத்தார்கள்.

எல்லைக்கோட்டுச் சமாதி மேடுகள் துணைக்குழு என்று பெயர். வடக்குத் தரப்புக்கு மேஜர் ரியோ. விவசாயப் புரட்சியைப் பற்றி மூன்று நூல்கள் எழுதியவர், கையில் மண் பட்டால் உடனே துடைத்துக்கொள்வார். தெற்குத் தரப்புக்குக் கடல் கடந்து வந்த கர்னல் ஹாப்கின்ஸ். வந்து மூன்று வருடமாகியும் எங்கள் ஊர் மிளகாயை நினைத்தாலே அவருக்கு வியர்க்கும். நடுவில் ஏதோ ஒரு நடுநிலை நாட்டிலிருந்து வந்த தலைவர், ஓயாத ஜலதோஷக்காரர். யார் என்ன சொன்னாலும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "குறிப்பில் ஏற்றப்பட்டது," என்பார். குறிப்பில் ஏற்றும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

முதல் அமர்வில் மேஜர் ரியோ எழுந்தார். "காலஞ்சென்ற தோழியரின் தலை வடக்கே இருக்கிறது. மனிதன் சிந்திப்பது தலையால். எனவே அவர் எங்கள் குடிமகள். காலால் சிந்திக்கும் வழக்கம் எதிர்த்தரப்பில் இருக்கலாம், அதில் நாங்கள் தலையிடவில்லை."

கர்னல் ஹாப்கின்ஸ் எழுந்தார். "அம்மையாரின் கால் எங்கள் பக்கம் நீண்டிருக்கிறது. ஒருவர் எங்கே போக விரும்பினார் என்பதைச் சொல்வது கால்தான். சாவு குறுக்கிடாமல் இருந்திருந்தால் இந்நேரம் அவர் எங்களிடம் நடந்தே வந்து சேர்ந்திருப்பார்."

"குறிப்பில் ஏற்றப்பட்டது," என்றார் தலைவர்.

தால்-சூ என் காதருகே குனிந்தான். "அண்ணே, புல்லு வெட்டத்தானே கேட்டோம்?"

அறுவடைப் பௌர்ணமி வந்து போயிற்று. பதினொன்றாவது அமர்வில் தலைவருக்கு ஒரு யோசனை தோன்றியது. யாரையும் அவரவர் விருப்பத்துக்கு மாறாக எந்தப் பக்கத்துக்கும் அனுப்பக் கூடாது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறது. கைதிகளிடம் அப்படித்தான் கேட்டார்கள். ஆகவே சம்பந்தப்பட்ட பெண்மணியையே கேட்டுவிடலாம். அவர் விருப்பம் தெரியும் வரை மேட்டில் யாரும் கை வைக்கக் கூடாது.

இரண்டு தரப்பும் கை தட்டின. அந்தப் பெண்மணி இறந்துவிட்டாரே என்று நான் மெதுவாக நினைவூட்டினேன். இறந்தவர் என்பதற்காக ஒருவரின் உரிமையைப் பறிப்பதா என்று இருவரும் என்னை ஒரே குரலில் கண்டித்தார்கள். அவர்கள் ஒரே குரலில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மேட்டின் மேல் ஒரு பெரிய கூடாரம் எழுந்தது. அதற்கு இரண்டு வாசல், ஒன்று வடக்கே திறக்கும், ஒன்று தெற்கே. எந்த வாசல் வழியாக வெளியேறுகிறாரோ அதுவே அவருடைய விருப்பம். இறந்தவர் குளிரால் அவதிப்பட்டு அவசரமாக முடிவெடுத்துவிடக் கூடாது என்று உள்ளே ஒரு கணப்பு. தொண்ணூறு நாள் அவரிடம் பேசிப் பார்க்கலாம், தினமும் ஒரு தரப்புக்கு ஒரு வேளை. முன்வரிசையில் கணவன் என்ற முறையில் தால்-சூ தினமும் உட்கார்ந்திருக்க வேண்டும். வருகிறவர்களுக்குப் பார்லி டீ கொடுக்க ஊரிலிருந்து ஒரு பெண் வேண்டும் என்றார்கள். ஒன்றுவிட்ட தங்கையை அனுப்பினோம்.

ஆகவே தன்னை மனம் மாற்ற நடந்த முயற்சிகள் அத்தனையையும் ஓக்-புன் கெட்டிலும் கையுமாக நின்று கேட்டாள்.

மேஜர் ரியோ சம்பிரதாயப்படி மேட்டின் மேல் ஒரு கிண்ணம் அரிசிக் கள்ளை ஊற்றிவிட்டு ஆரம்பிப்பார். "தோழி மா ஓக்-புன். எங்களிடம் வந்தால் உங்களுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை. நிலம் என்ற சுமையை உங்கள் தோளிலிருந்து இறக்கி எல்லோருக்கும் பொதுவாக்கிவிடுவோம். கருத்துச் சொல்லும் சிரமம்கூட உங்களுக்கு இருக்காது, அதையும் கட்சியே பார்த்துக்கொள்ளும். மூன்று வாரமாக நான் பேசுகிறேன், நீங்கள் ஒருமுறைகூட குறுக்கே பேசவில்லை. எங்கள் பிரஜைகளுக்கே நீங்கள் ஒரு முன்மாதிரி."

மாலையில் கர்னல் ஹாப்கின்ஸ் தன் பங்குக்கு இரண்டு கிண்ணம் ஊற்றுவார். "அம்மையார் மா அவர்களே. எங்களிடம் சுதந்திரம் இருக்கிறது. டப்பாவில் இறைச்சி, நைலானில் காலுறை. யார் வேண்டுமானாலும் பணக்காரர் ஆகலாம். ஆக முடியாதவர் பட்டினி கிடக்கலாம், அதையும் யாரும் தடுக்க மாட்டார்கள். உங்கள் ஊர்மீது நாங்கள் போட்ட குண்டுகளைப் பற்றி எதிர்த்தரப்பினர் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொன்றும் உங்கள் நன்மைக்காகவே போடப்பட்டது என்பதை நீங்கள் மட்டுமே அருகிலிருந்து அறிவீர்கள்."

மறுநாள் மேஜர் மூன்று கிண்ணம் ஊற்றினார். மேடு நனைந்து ஊறியது.

வீட்டுக்கு வந்ததும் ஓக்-புன் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "இருபது வருஷமா உன்கூட குப்பை கொட்டறேன். ஒரு நாளாவது காலுறை வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கியா?"

"நீ சாவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மையாராம், தோழியாம். உசுரோட இருந்தப்ப ரெண்டு பக்கத்துக்காரனுகளும் என்னை ஏய்னுதான் கூப்பிட்டானுக." அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். "கேக்க நல்லாத்தான்யா இருந்துச்சு."

நாலாவது வாரம் கொடிப் பிரச்சினை வந்தது. வடக்குத் தரப்பு மேட்டின் தலைமாட்டில் ஒரு கொடிக்கம்பத்தை நட்டது. தெற்குத் தரப்பு கால்மாட்டில் நட்டது. சூரியன் சாய்ந்ததும் கொடியை இறக்கிக் கம்பத்தைப் பிடுங்க வேண்டும் என்பது விதி. காலையில் மறுபடி நடும்போது எதிரியின் கம்பத்தைவிட ஒரு சாண் ஆழமாக நட வேண்டும் என்பது மானப் பிரச்சினை. அப்படி ஒரு காலையில் வடக்குச் சிப்பாய் சம்மட்டியை ஓங்கி அடித்தபோது, மண்ணுக்குள்ளிருந்து மடார் என்று ஒரு சத்தம் கேட்டது.

தால்-சூ இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். 'கணவர் துயரம் தாளாமல் சாய்ந்தார்' என்று குறிப்பில் ஏற்றினேன். மறுநாள் தெற்குத் தரப்பின் முறை. அதே சத்தம். இரண்டு தரப்புக்கும் ஆளுக்கு ஒரு சாடி என்று பாகுபாடில்லாமல் முடிந்தது. அதன் பிறகும் தினமும் பிடுங்கினார்கள், குத்தினார்கள், கிளறினார்கள். அந்த மேட்டை எந்த விவசாயியும் அவ்வளவு சிரத்தையாக உழுதிருக்க மாட்டான்.

அன்று வீட்டில் தால்-சூ சாப்பிடவில்லை. "ஈரத்துல கிடந்து அழுகிடும்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். ஓக்-புன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் வசந்தம் வரை தாங்க, இடித்து வைத்த கருவாலிக் கொட்டை மாவு அரை மூட்டை இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மறுநாள் அவள் டீ கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கூடாரத்தின் நடுவில் போய் நின்றாள்.

"ஐயாமாருங்களே, நான்தான் ஓக்-புன். நான் சாகல. உள்ள இருக்கறது எங்க விதைநெல்லு. உடைஞ்சது போக மிச்சத்தையாவது பொறுக்கிக்க விடுங்க."

மேஜர் ரியோதான் முதலில் சுதாரித்துக்கொண்டார். இறந்தவர் வடக்கைத் தேர்ந்தெடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும் எதிர்த்தரப்பு ஒரு உயிருள்ள பெண்ணை அவசரமாகத் தயாரித்திருக்கிறது என்றார். கர்னல் ஹாப்கின்ஸ், உயிரோடு இருப்பதாக இவரை நம்பவைத்திருப்பது மூளைச்சலவை என்றும், அதில் வடக்குத் தரப்பின் கைவரிசை தெரிகிறது என்றும் சொன்னார். நெல்லைப் பற்றி இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

தலைவர் என் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் மனிதர்போலப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"அம்மா, நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா இதப் பாருங்க. வடக்கு முத்திரையும் இருக்கு, தெற்கு முத்திரையும் இருக்கு. இந்தப் போர்ல ரெண்டு தரப்பும் சேர்ந்து ஒத்துக்கிட்ட உண்மை ஒண்ணே ஒண்ணுதான். அது நீங்க செத்துப்போனது. அதுவும் பொய்னு ஆயிட்டா, மறுபடி சுட ஆரம்பிச்சுடுவாங்க."

ஓக்-புன் இரண்டு முத்திரைகளையும் பார்த்தாள். பிறகு குனிந்து கெட்டிலை எடுத்தாள்.

"ஆறிப்போச்சு," என்றாள். "சூடு பண்ணிக் கொண்டு வரேன்."

தொண்ணூறு நாள் முடிந்தது. எந்த வாசல் வழியாகவும் யாரும் வெளியேறவில்லை. 'கேட்கப்பட்டவர் எந்த விருப்பமும் தெரிவிக்கவில்லை' என்று அறுநூறு பக்க அறிக்கை தயாரானது. கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனார்கள். பனி உருகியது, மழை பெய்தது, வெயில் வந்தது. மே மாத ஆரம்பத்தில் ஒரு நாள் மேடு பச்சென்றிருந்தது.

தால்-சூ மஞ்சள் பலகைகளுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்தான். மேட்டின் பக்கம் கையை நீட்டினான். நானும் போய்ப் பார்த்தேன். நாற்றங்கால்போல நெருக்கமாக, விரல் உயரத்துக்கு, நெல் நாற்று.

துணைக்குழு அவசரமாகக் கூடியது. மேட்டில் தோன்றியிருக்கும் புல் வடக்கு நோக்கிச் சாய்வதாகவும், இதுவே தோழியரின் பதில் என்றும் மேஜர் ரியோ வாதிட்டார். பிற்பகலில் காற்று மாறியது. கர்னல் ஹாப்கின்ஸ் தன் வாதத்தைத் தொடங்கினார். விவசாயப் புரட்சியைப் பற்றி மூன்று நூல்கள் எழுதியவர் அந்தப் பயிரை ஒரு முழம் தூரத்தில் நின்று பார்த்தார். புல் என்றே பதிவு செய்யச் சொன்னார்.

காவல் நின்றவர்கள் அப்படியில்லை. இரண்டு பக்கமும் வயலிலிருந்து துப்பாக்கிக்கு வந்த ஆட்கள். வடக்குச் சிப்பாய் ஒருவன் நாற்றைப் பார்த்தான், நிமிர்ந்து எதிரே இருந்த தெற்குச் சிப்பாயைப் பார்த்தான். பிறகு இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். அந்த வாரம் வானம் பார்க்க அப்படியொன்றும் விசேஷமாக இல்லை.

வாதம் ஐந்து வாரம் நீண்டது. கடைசியில் தலைவர் ஒரு கோப்பின் அடியிலிருந்து என்னுடைய பழைய மனுவை உருவி எடுத்தார். புல்லைப் பற்றியே தகராறென்றால் புல்லை நீக்கிவிடுவதே வழி, அதற்கு ஒரு விண்ணப்பம் ஏற்கெனவே நிலுவையில் இருக்கிறது என்றார். ஒன்பது மாதம் கழித்து அனுமதி கிடைத்தது. அரசாங்கத் தாமதம் என்று நாம் திட்டுகிறோம். இன்னும் பதினைந்து நாள் முந்திக் கிடைத்திருந்தால் நாற்று பிஞ்சாக இருந்திருக்கும். அன்று அது நடவுக்குச் சரியான பருவத்தில் நின்றது.

தால்-சூ அரிவாளோடு கிளம்பினான். ஓக்-புன் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு நான்கு கூடைகளை எடுத்துக்கொண்டாள்.

"வெட்டறதுக்குத்தான அனுமதி குடுத்திருக்காங்க," என்றான் அவன் பயந்துபோய்.

"பேசாம வாய்யா. வேரோட எடுக்கறோம்."

இரண்டு ராணுவங்களும் பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் மேட்டின் இரு புறமும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிடிபிடியாகப் பிடுங்கினார்கள். மண்ணை உதறி, வைக்கோலால் முடிச்சுப் போட்டு அடுக்கினார்கள். ஒரு நாற்று முடி வடக்குப் பக்கம் உருண்டு போய்விட்டது. அங்கே நின்ற சிப்பாய் அதைப் பூட்ஸ் காலால் மெதுவாக இந்தப் பக்கம் தள்ளினான். மேஜர் ரியோ வேரோடு களையெடுக்கும் அந்த முறையைப் பாராட்டினார். கர்னல் ஹாப்கின்ஸ் புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

பாதி விதை அழுகிப்போயிருந்தது. மிச்சம் ஒன்றரை வயலுக்கு வரும்.

துணைக்குழுவைக் கலைப்பதற்கு முன் ஒரு இறுதி நிகழ்ச்சி வேண்டும் என்றார்கள். காலஞ்சென்ற மா ஓக்-புன் நினைவாக இரண்டு நிமிட மௌனம் என்று முடிவாயிற்று. அவள் சாவுக்கு அடுத்தபடியாக இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட விஷயம் அது. மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு பக்கத்து ஒலிபெருக்கிகளும் ஒரே நேரத்தில் அறிவித்தன. மேஜரும் கர்னலும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேட்டின் இரு பக்கமும் விறைப்பாக நின்றார்கள். சிப்பாய்கள் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள். ஓடைக்கு அக்கரையில் ஒருவன் மாட்டைக்கூட நிறுத்திவிட்டான். வயலில் முழங்கால் சேற்றில் நின்ற தால்-சூவும், பழக்கதோஷத்தால், கையிலிருந்த நாற்றோடு அப்படியே அசையாமல் நின்றான்.

ஓக்-புன் நிமிரவில்லை.

"நாத்து வாடுது," என்று அவனைப் பார்க்காமலே சொல்லிவிட்டு அடுத்த முடியை அவிழ்த்தாள். அந்த இரண்டு நிமிடமும் எங்கள் பள்ளத்தாக்கில் அசைந்துகொண்டிருந்தது இறந்துபோனவள் ஒருத்தி மட்டும்தான்.